தீவகத்துக் குரல்களைப் பதிய எந்த ரெக்கோடர்?

தீவகத்து முதியவர்களின் குரல்களைப் பதிந்து வைக்கவேண்டும் என்ற பேச்சு இப்போது பல ஊர்ச்சங்கங்களில் அடிபடுகிறது. நல்ல விடயம். அண்மையில் புலம்பெயர்ந்த ஊரவர் சிலர், தாங்கள் வாங்கி அனுப்பவிருக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். முதல் வரியே ‘டிஜிட்டல் இன்புட் கட்டாயம்’ என்றிருந்தது. ஏன் என்று கேட்டேன். “டிஜிட்டல் எண்டால் குவாலிற்றி கூடத்தானே” என்றார்கள்.

இது பலருக்கும் உள்ள எண்ணம். இந்த ஒரு வரிக்காகக் கருவியின் விலை சில மடங்கு ஏறும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இன்று கடையில் விற்கும் எந்தக் கையடக்க ரெக்கோடரும் டிஜிட்டல்தான். மைக் பிடிக்கும் ஒலியை எண்களாக மாற்றி மெமரிக் காட்டில் எழுதுகிறது. ‘டிஜிட்டல் இன்புட்’ என்பது வேறு. ஏற்கெனவே எண்களாக இருக்கும் ஒலியை, இன்னொரு கருவியிலிருந்து அப்படியே எண்களாக வாங்கிக்கொள்ளும் வாசல் அது. எஸ்.பி.டிஃப் என்பார்கள். செப்புக் கம்பி வழியாகவும் வரும், ஒளியிழை வழியாகவும் வரும். நெடுந்தீவில் திண்ணையில் இருக்கும் ஒரு ஆச்சியின் குரலுக்கும் இந்த வாசலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆச்சியின் குரல் காற்றில் வருகிறது. அதற்கு வேண்டியது நல்ல மைக்.

அப்படியானால் அது யாருக்குத் தேவை? வீட்டில் பழைய டாற் நாடாக்களோ மினிடிஸ்க்குகளோ வைத்திருப்பவர்களுக்கு. 1992இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த மினிடிஸ்க்கில், ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருந்து ஊருக்கு வந்தபோது கோயில் திருவிழாவையோ கூத்தையோ பதிந்துகொண்டு போனவர்கள் இருக்கலாம். அந்தத் தட்டுகளைத் தரம் குறையாமல் பிரதியெடுக்க டிஜிட்டல் இன்புட் உதவும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. கையடக்க மினிடிஸ்க் கருவிகள் பெரும்பாலானவற்றில் டிஜிட்டல் ஒலி உள்ளே போக வழியுண்டு, வெளியே வர வழியில்லை. வெளியே வருவது ஹெட்ஃபோன் துளையால் வரும் சாதாரண ஒலிதான். டிஜிட்டலாக வெளியே எடுக்க வீட்டில் வைக்கும் பெரிய டெக் வேண்டும். அல்லது 2006இல் வந்த சோனி எம்.இசட் ஆர்.எச்.1 வேண்டும். அது பழைய தட்டுகளையும் யூ.எஸ்.பி. வழியே கணினிக்கு ஏற்றிவிடும், ரெக்கோடரே தேவையில்லை.

டெக் இருந்தாலும் வாசல்கள் ஒத்துப்போக வேண்டும். சோனி பி.சி.எம். டி50இல் இருப்பது ஒளியிழை வாசல். அது இப்போது பழைய கருவியாகத்தான் கிடைக்கும். டாஸ்காம் டி.ஆர். 100 மார்க் 3இல் இருப்பது செப்புக் கம்பி வாசல். மினிடிஸ்க் டெக்குகள் பெரும்பாலும் ஒளியிழையில் தருபவை என்பதால் டாஸ்காமை வாங்கினால் நடுவில் ஒரு சிறிய மாற்றியும் வாங்கவேண்டும். எழுபத்து நான்கு நிமிடத் தட்டைப் பிரதியெடுக்க எழுபத்து நான்கு நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். இதை ஒருமுறை ஒருவரிடம் கொடுத்துச் செய்விப்பதுதான் புத்தி. இதற்காக ஊருக்கு ஒரு கருவி வாங்குவது வீண்.

தீவக வீடுகளில் உண்மையில் மிஞ்சியிருப்பவை கசற்றுகள். வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கடிதக் கசற், கோயில் மேளம், மெலிஞ்சிமுனைப் பக்கத்துக் கூத்து. 1990, 91 இடப்பெயர்வுகளில் தொலைந்தது போக எஞ்சியவை. கசற் டிஜிட்டல் அல்ல. அதற்கு ‘லைன் இன்’ என்ற சாதாரணத் துளை போதும். மலிவான ரெக்கோடர்களிலும் அது உண்டு. செலவழிப்பதானால் ஒரு நல்ல கசற் டெக்குக்குச் செலவழியுங்கள். அதன் ஹெட்டை ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு ஓடவிடுங்கள்.

இனி நேரடிப் பதிவுக்கு வருவோம். அவசரம் இதற்குத்தான். 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த கொலைகளை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்களை எண்ணிப் பாருங்கள். அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் உரத்துப் பேசமாட்டார்கள். சில இடங்களில் குரல் தாழ்ந்து மூச்சாகிவிடும். அங்கேதான் கருவியின் தரம் தெரியும். ஒவ்வொரு ரெக்கோடருக்குள்ளும் ‘உஸ்’ என்ற சொந்த இரைச்சல் ஒன்று உண்டு. மெல்லிய குரலைப் பெருக்கும்போது அதுவும் சேர்ந்து பெருகும். இதற்கு மலிவான மருந்து, மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவது. சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்தும் சிறிய மைக் ஒன்று, நெஞ்சுக்கு நேரே, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். மேசையில் வைத்த விலையுயர்ந்த ரெக்கோடரைவிட இது நன்றாகப் பதியும். ஆட்களும் கருவியை மறந்துவிடுவார்கள். “தம்பி, உது ஓடுதோ?” என்று இரண்டு தரம் கேட்பார்கள், பிறகு கேட்கமாட்டார்கள்.

அடுத்தது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்று பதிந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கருவியுடன் வரும் ஸ்பொஞ்ச் உறை வீட்டுக்குள் பேசுபவரின் மூச்சைத் தடுக்குமே தவிர கடற்காற்றைத் தடுக்காது. நீண்ட உரோமம் வைத்த உறை வேண்டும். பூனைக்குட்டி மாதிரி இருக்கும், சிறுபிள்ளைகள் தடவிப் பார்ப்பார்கள். அதோடு ‘லோ கட்’ என்ற பொத்தானையும் போட்டுவிட்டால் காற்றின் உறுமலும் படகு எஞ்சினின் அடித்தொனியும் ஓரளவு குறையும். உறை இல்லாமல் காற்றடித்த பதிவைப் பிறகு கணினியில் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இயன்றால் நெடுந்தீவின் பவளக்கல் மதில் ஒன்றின் மறைவில் இருத்திப் பேசவையுங்கள். அதற்குக் காசு இல்லை.

பற்றரி. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரக்கூடாத பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். பெட்டிக்கடையிலும் வாங்கக்கூடிய ‘டபிள் ஏ’ பற்றரியில் ஓடும் கருவியைத்தான் நான் எப்போதும் சொல்வேன். உள்ளே பொருத்திய பற்றரி மட்டும் உள்ள கருவி நெடுந்தீவில் மாலையில் கைவிட்டால் அடுத்த படகுவரை நீங்கள் சும்மா இருக்கவேண்டியதுதான். உப்புக்காற்று பற்றரி முனைகளைப் பச்சை பிடிக்கவைக்கும் என்பதால், வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்காப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள்.

என் தெரிவு என்ன? டாஸ்காம் டி.ஆர். 05எக்ஸ் அல்லது சூம் எச்1 எசென்ஷல். இரண்டும் வெளிநாட்டில் நூறு டொலரை ஒட்டிய விலை. இரண்டிலும் வெளி மைக், லைன் இன் உண்டு. யூ.எஸ்.பி.யால் கணினியில் இணைத்தால் கணினிக்கு மைக்காகவும் வேலை செய்யும். முதலாவது இரண்டு ‘டபிள் ஏ’யில் ஓடும். இரண்டாவதுக்கு அதைவிடச் சிறிய ‘ட்ரிபிள் ஏ’. ஆனால் இரண்டாவது 32 பிற் ஃப்ளோற் முறையில் பதியும். தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென ஒப்பாரி எடுத்தாலும், அண்ணாவியார் மத்தளத்தில் ஓங்கி அடித்தாலும், பதிவின் அளவை மாற்ற ஓடவேண்டியதில்லை. பிறகு கணினியில் ஏற்றி இறக்கலாம். புதிதாகப் பழகும் பிள்ளைகளின் கையில் கொடுப்பதானால் இதையே கொடுப்பேன். மைக்கே தாங்காத அளவுக்குக் காற்று அடித்தால் இந்த முறையும் காப்பாற்றாது.

அந்தக் காசும் இல்லையா? கையில் உள்ள போனுக்கு ஒரு குத்து மைக் வாங்குங்கள். போனை ‘ஃப்ளைட் மோட்’டில் போடுங்கள், நடுவில் கனடாவிலிருந்து அழைப்பு வரும். எம்.பி.3 ஆக அல்லாமல் வேவ் கோப்பாகப் பதியும் செயலியைத் தெரிவுசெய்யுங்கள்.

பதிவின் அளவாக 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் போதும். ஒலி ஆவணப்படுத்தலில் உலக அளவில் அடிப்படையாகக் கொள்ளும் அளவு அது. ஸ்ரீரியோவில் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜி.பி. பிடிக்கும். 32 ஜி.பி. காட் ஒன்றில் முப்பது மணித்தியாலம் பதியலாம். 32 பிற் ஃப்ளோற்றில் இருபத்து மூன்று மணித்தியாலம் வரும். பதிவின் தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவரின் பெயர், அவருடைய சம்மதம் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அந்தக் குரல் மாறாது.

அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒரு பிரதி பேசியவரின் வீட்டுக்குப் போகவேண்டும். சம்மதித்தால் இன்னொன்றை நூலக நிறுவனத்தின் ஆவணகம் போன்ற பொதுத் தளத்துக்குக் கொடுக்கலாம். வாய்மொழி வரலாறுகளுக்கு அங்கே இடம் உண்டு.

ஊரவர் பட்டியலின் முதல் வரியை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்: நூறு டொலர் கருவி இரண்டு, குத்து மைக் இரண்டு, உரோம உறை நான்கு. மிச்சக் காசு பிள்ளைகளின் படகுச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும்.