துறையான்குளத்துக் கெண்டைக் குஞ்சுகள்

கவிஞனை அவன் பிறந்த மண்ணே உருவாக்குகிறது என்று நாம் வகுப்பில் ஒருநாள் கூறியபோது, கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் தெருவில் சிப்காட் ஆலைச் சங்கும் லாரிகளுந்தாம் உண்டு. இதில் பாட்டுக்கு என்ன இருக்கிறது?" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாது விட்டதை ஈண்டு எழுதுகிறோம்.

பட்டுக்கோட்டையை அடுத்த சங்கம்படைத்தான்காட்டில் 13.4.1930 அன்று உழவர் குடியில் பிறந்தவர் கல்யாணசுந்தரம். தந்தையார் அருணாசலனார் 'முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி' பாடியவர். எனவே மெட்டு வீட்டிலேயே இருந்தது. பொருள் வெளியில் கிடைத்தது. 1946-இல் அவ்வூர்த் துறையான்குளத்தின் கரையில், வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தார் இளைஞர். தண்ணீரில் தாமரை, கரையோரம் துள்ளும் கெண்டைக் குஞ்சுகள். தூண்டிற்காரன் வருமுன் ஓடிவிடுமாறு அவற்றை எச்சரித்து ஒரு பாட்டுக் கட்டினார். அதுவே தம் முதற்பாட்டு எனக் கவிஞரே பின்னாளில் குறித்துள்ளார்.

அந்த வயதில் தாமரையைப் பாடுவதே இயல்பு. அவர் கண்ணில் பட்டதோ தூண்டில். குஞ்சுகள் ஏன் கரையோரம் வருகின்றன என்று பழவேற்காட்டு மாணவர் ஒருவரைக் கேட்டோம். (நூலகத்தில் கிடைக்காத விடை சில வேளை கடைசி பெஞ்சில் கிடைக்கும்.) ஆழத்தில் பெரிய மீன் விழுங்கும், ஆழங்குறைந்த கரையில் ஒதுங்கினால் பிழைக்கலாம், இரையும் உண்டு என்றார். ஆனால் தூண்டிற்காரன் நிற்பதும் அக்கரையில்தானே! எளியவர் புகலிடமென நம்பும் இடத்திலேயே இடர் காத்திருப்பதை அவ்விளம்பருவத்திலேயே கண்டுகொண்டார் கவிஞர்.

குஞ்சுகளிடம் பேசிய அந்த மூத்தோன் குரலே திரைப்பாடலிலும் ஒலிக்கிறது. 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் அது உறங்கும் தம்பியை எழுப்புகிறது. 'அரசிளங்குமரி' (1961) படத்தில் ஒரு சிறுவனுக்கு அறிவு புகட்டுகிறது. இரண்டையும் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். பின்னதில் வேப்பமரமும் திரும்ப வருகிறது. அதன் உச்சியில் பேய் ஆடுவதாகப் பெரியோர் காட்டும் பூச்சாண்டியை நம்பாதே என்கிறார் கவிஞர். குளக்கரையில் நின்ற அதே மரம் என்று நாம் வாதிட வரவில்லை. பிள்ளைகளை அச்சுறுத்த எவ்வூரிலும் ஒரு மரம் உண்டு. ஆனால் அந்த அச்சத்தை நினைவில் வைத்திருந்து, வளர்ந்தபின் அடுத்த தலைமுறைப் பிள்ளையிடமிருந்து அதனை நீக்க முனைந்ததே அவர்தம் தனித்தன்மை எனலாம். 8.10.1959 அன்று, 29 வயதில் அவர் மறைந்தார். அப்படம் வெளிவந்ததைக் காண அவர் இல்லை.

அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டி மாணவரை அழைத்து, காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டோம். சற்றே தயங்கினார். "அத்தா இரவு ஷிப்டு முடிந்து வந்து படுக்கும் நேரம் ஐயா. நாங்கள் யாரும் சத்தம் போடக்கூடாது. தம்பி அழுதால் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார், மழையானாலும் சரி" என்றார்.

அதை அப்படியே எழுதிவரச் சொல்லியிருக்கிறோம்.