தேர்வு நாளில் இட்லி இறங்காதது ஏன்?

தேர்வு நாள் காலை. தட்டில் இட்லி இருக்கிறது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. நாக்கு உலர்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. நெஞ்சு படபடக்கிறது. இந்த அனுபவம் உங்களுக்கும் உண்டல்லவா? மனத்தில் எழும் பதற்றத்திற்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு?

இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பூனை! அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவ மாணவரான வால்ட்டர் கானன், பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, அதன் இரைப்பையை எக்ஸ் கதிர்களால் கவனித்தார். பூனை அமைதியாக இருந்தவரை இரைப்பை அலையலையாக அசைந்தது. பூனை கலவரமடைந்ததும் அசைவு நின்றுபோயிற்று. 1898-இல் இதை அவர் வெளியிட்டார்.

காரணம் என்ன? ஆபத்து என மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளுக்கு நரம்பு வழியே செய்தி போகிறது. அட்ரீனலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ, தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிவிட்டது! புலி துரத்தும்போது செரிமானம் அவசரமா, என்ன? வினாத்தாள் புலியன்று, ஆனால் உடல் இரண்டுக்கும் ஒரே விதமாகத்தான் ஆயத்தமாகிறது.

அளவான பதற்றம் நல்லதே. புத்தகத்தை எடுக்க வைப்பது அதுதான். அளவு மீறினால்தான் தொல்லை.

வகுப்பில் எழுந்து பேச அஞ்சும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தலைவலி என்று சொல்லி அவன் விடுப்பு எடுக்கிறான். உடனே நிம்மதி! ஆனால் 'பேசினாலும் ஒன்றும் ஆகாது' என்று அறியும் வாய்ப்பை அவன் மூளை இழந்துவிடுகிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் பெருகும். அஞ்சியதைத் தவிர்ப்பதே அச்சத்திற்குத் தீனி.

அப்படியானால் என்ன செய்யலாம்? சிறுகச் சிறுக நெருங்குங்கள். முதலில் நண்பர் ஒருவர் முன் பேசுங்கள், பிறகு நால்வர் முன், பிறகு வகுப்பில். படபடக்கும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளிவிடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

பல வாரங்கள் உறக்கமும் உணவும் கெட்டு, படிப்போ வேலையோ தடைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். இது கோழைத்தனமன்று, குணப்படுத்தக்கூடிய நோய். பேச்சு வழிச் சிகிச்சையும் தேவையானால் மருந்துகளும் உள்ளன.

அடுத்த தேர்வன்று நெஞ்சு படபடத்தால் அஞ்சாதீர்கள். உடல் உங்களுக்கு உதவத்தான் முந்துகிறது. அரை இட்லியாவது தின்றுவிட்டுப் புறப்படுங்கள்!