கலந்தால் மட்டும் புது இனம் ஆகிவிடுமா?

"இயற்கையிலேயே கலப்பு நடக்குது சார், கம்பெனிக்காரன் கலந்தா மட்டும் ஏன் குத்தம்ங்கறீங்க?" விதை பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேள்வியில் பாதி சரிதான். இயற்கையில் கலப்பு நடக்கிறது. அதிலிருந்து புது உயிரினமே பிறந்திருக்கிறது. ஆனால் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த கலப்பு கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறப்பதற்கு 63. ஒற்றைப்படை என்பதால் ஜோடி சேராமல் முட்டையும் விந்தும் ஒழுங்காக உருவாவதில்லை. சுமை தூக்கும், மலை ஏறும், குட்டி போடாது. எப்போதாவது அபூர்வமாக ஒன்று போட்டால் உண்டு.

கலப்பினப் பசு வேறு கதை. வங்கியில் இருந்தபோது ஜெர்சி கலப்பு மாட்டுக்கு எத்தனையோ கடன் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது கன்று போடும். ஆனாலும் அது புது உயிரினம் இல்லை. நாட்டுக் காளையோடும் சேரும், சீமைக் காளையோடும் சேரும், தனியாக நிற்காது. புது இனம் என்றால் வம்சமும் விளங்கணும், தாய் தகப்பன் இனத்தோடு திரும்பக் கலந்து கரைந்தும் போகக் கூடாது. இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற விஞ்ஞானி தம்பதி 1973-லிருந்து நாற்பது வருஷம் அங்கே போய், ஃபிஞ்ச் குருவிகளின் காலில் வளையம் மாட்டி வம்சாவளி எழுதினார்கள். பேரேடு எழுதியே வயசான எனக்கே மலைப்பாக இருக்கிறது. 1981-ல் அங்கே ஒரு புது ஆண் குருவி வந்து சேர்ந்தது. உள்ளூர்க் குருவிகளைவிடப் பெரிய உடம்பு, வேறு பாட்டு. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எஸ்பனோலா தீவின் கள்ளிக் குருவி இனம் அது என்று பிற்பாடு மரபணுச் சோதனையில் தெரிந்தது. திரும்பிப் போக வழியில்லை. உள்ளூர்ப் பெட்டையோடு சேர்ந்தது.

பிறந்த குஞ்சுகளின் அலகு அளவு உள்ளூர் இனம் எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆண் குஞ்சு அப்பனிடம்தான் பாட்டுக் கற்கும். அப்பன் பாட்டோ அசலூர்ப் பாட்டு, உள்ளூர்ப் பெட்டைகள் சட்டை செய்யவில்லை. இரண்டாம் தலைமுறையிலிருந்து அந்த வம்சம் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தது. 2003 முதல் 2005 வரை கடும் வறட்சி. மிஞ்சியது ஓர் அண்ணனும் தங்கையும்தான். அந்த ஒரு ஜோடிக்கு 26 குஞ்சுகள்! 2012-ல் எட்டு ஜோடிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இதற்கு இனி என்ன பெயர் வைப்பது என்பது அறிவியல்காரர்கள் பாடு. பாட்டும் அலகும் அதற்கு வேலி கட்டின என்பதுதான் எனக்கு முக்கியம்.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கம், பழ ஈ. நம்ம மாம்பழத்தில் புழு வைக்கிற ஈயின் குடும்பம்தான். அமெரிக்காவில் தோட்ட அழகுக்காக ஆசியாவிலிருந்து ஹனிசக்கிள் புதர்ச்செடிகளைக் கொண்டுபோனார்கள். அவை வேலி தாண்டிக் காட்டுச்செடியாகப் பரவின. அதன் பழத்தில் 1990-களில் ஒரு ஈ கண்ணில் பட்டது. 2005-ல் வெளியான ஆய்வு, அது புளூபெர்ரி ஈயும் ஸ்னோபெர்ரி ஈயும் கலந்து வந்தது என்று காட்டியது. இந்த வகை ஈக்கள் எந்தச் செடியில் முட்டை இடுமோ அந்தச் செடியின் பழத்தில்தான் ஜோடியும் தேடும். புதுச் செடிக்குக் குடிபோன ஈ, பழைய சொந்தத்தைப் பார்ப்பதே அரிது. வந்தேறிச் செடி ஒன்று வீடு கொடுத்தது, சுமார் இருநூறு, இருநூற்றைம்பது வருஷத்துக்குள் அந்த வீட்டுக்கென்று ஒரு ஈ வந்துவிட்டது.

இப்போது நண்பர் கேள்விக்கு வருவோம். வீரிய ஒட்டு விதையில் இந்த நிலைபெறும் வேலை நடப்பதில்லை. முதல் தலைமுறை ஒரே சீராக வரும். அதன் விதையை எடுத்து விதைத்தால் நெட்டையும் குட்டையுமாகப் பிரியும். அதனால் அடுத்த பட்டத்துக்கும் கடைக்குப் போகணும். குருவி வம்சத்தை நிலைநிறுத்தியது வறட்சியும் தனிமையும், பல தலைமுறையாக. உழவரும் வருஷா வருஷம் கதிர் பொறுக்கித்தான் ரகத்தை நிலைநிறுத்தினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

கலப்பினால் எனக்குக் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. துவரை, தக்காளி, பருத்தி என்று எல்லாவற்றையும் துளைக்கும் நம்ம பச்சைக் காய்ப்புழு (ஹெலிகோவர்பா ஆர்மிஜெரா) பிரேசிலில் இருப்பது 2013-ல் உறுதியானது. அங்கே அதன் ஒன்றுவிட்ட சொந்தமான மக்காச்சோளக் கதிர்ப்புழு ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சுமார் 15 லட்சம் வருஷம் முன்பு பிரிந்தவை. மறுபடி சந்தித்ததும் கலந்துவிட்டன. 2018-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தக் கலப்புப் புழுக்களை மரபணு வழியாக அடையாளம் காட்டினார்கள். இது இன்னும் புது இனம் ஆகவில்லை. ஆனால் பைரித்ராய்டு மருந்தைத் தாங்கும் மரபணு நம்ம காய்ப்புழுவிலிருந்து அந்த ஊர்ப் புழுவுக்குப் போய்விட்டது. மருந்து அடித்துக்கொண்டே இருக்கும் வயலில் அந்த மரபணு உள்ள புழுதானே மிஞ்சும்?

நம்மூரில் அந்தக் கதிர்ப்புழு இல்லை. ஆனால் புகையிலையைத் தின்னும் அசல்டா என்ற இன்னொரு சொந்தம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் காய்ப்புழுவோடு அதைக் கலக்கவைத்துக் குஞ்சும் பொரிக்கவைத்திருக்கிறார்கள். புகையிலைக்குப் பக்கத்தில் தக்காளி வைத்து, இரண்டுக்கும் ஒரே டப்பா மருந்தை அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.