ஏப்ரல் ஒண்ணு... நிஜமாத்தான் சார்!

பி.காம். படித்த பாவத்துக்கு, ஒவ்வொரு மார்ச் 31-ம் தேதியும் நண்பர்கள் கணக்கு நோட்டோடு அரக்கோணத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களை அனுப்பிவிட்டுப் படுத்தால், விடியும்போது ஏப்ரல் ஒண்ணு! ஸ்கூல் நாட்களில் உருளைக்கிழங்கை வெட்டி, இங்க்கில் தோய்த்து, முன்னால் போகிறவன் சட்டையில் 'ஏ.எஃப்.' என்று குத்திவிட்டு ஓடுவோமே, அதே நாள்.

முட்டாள்கள் தினமாம். ஆனால் நம் தேசத்தில் அன்றைக்கு நடந்ததெல்லாம் படு சீரியஸ் சமாசாரங்கள். ரிசர்வ் வங்கி வேலையை ஆரம்பித்தது 1935 ஏப்ரல் 1. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று பழகிய ஜனங்களிடம் 'இனிமே நூறு பைசா' என்றார்கள். ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை எந்தக் கடைக்காரர் திருப்பித் தந்திருப்பார், சொல்லுங்கள்!

எல்லாவற்றையும் விட எங்களுக்கு முக்கியம், பக்கத்து ஊர் திருத்தணி கதை. சித்தூர் ஜில்லா உருவானது 1911 ஏப்ரல் 1. திருத்தணி அதோடு இருந்தது. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூரோடு திருத்தணியும் போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார், கே.விநாயகம் என்று பலர் போராடினார்கள். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1959-ல் சட்டம் வந்தது. செங்கல்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில கிராமங்களைக் கொடுத்துவிட்டுத் திருத்தணியை வாங்கிக்கொண்டோம். அமலுக்கு வந்த தேதி? 1960 ஏப்ரல் 1!

அதென்ன அந்தத் தேதி மேல் அத்தனை ஆசை? சர்க்காரின் கணக்கு வருஷம் அன்றைக்குத்தானே தொடங்குகிறது! எல்லை மாறினாலும் பேரேடு குழம்பக்கூடாது, பாருங்கள்.

என் தாத்தா அப்போது திருத்தணியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ராத்திரி கடையைப் பூட்டியது ஆந்திராவில். காலையில் திறந்தது மெட்ராஸ் ராஜ்யத்தில். கடை ஓர் அங்குலம் நகரவில்லை! வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தாராம்.

பாட்டி மட்டும் அதைத் தொடவில்லை. அவள் பிறந்த வீடு நகரி. அது ஆந்திராவிலேயே தங்கிவிட்டது.

"எங்கம்மா வீட்டுக்குப் போறதுன்னா இனிமே வேற ராஜ்யமா?" என்று அழுதிருக்கிறாள்.

தாத்தா, தேதிக்குப் பொருத்தமாக ஒரு பொய் சொன்னார்: "அழாதே... அடுத்த வருஷம் நகரியும் வந்துடும்."

1961 ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் பாட்டி அதை நம்பிக்கொண்டிருந்தாளாம்.