கழற்சிக்காய்க்கு எப்போது சோதனை?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகிறவர்கள் மிளகும் முடவாட்டுக்கால் கிழங்குமாகத் திரும்புவார்கள். மகளுக்கு மூலிகைப் பொடி தேடும் தாய்மாரும் உண்டு. "நாலு மாசமா பீரியட்ஸ் வரலைங்க, நீர்க்கட்டின்னு சொல்றாங்க" என்பார்கள், குரலைத் தாழ்த்தி.

கட்டி என்ற சொல்லே பாதி பயத்தைக் கொடுத்துவிடுகிறது. ஸ்கேனில் தெரிவது முதிராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். ஆண் ஹார்மோன் மிகுவதும், இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் சேர்ந்து முட்டையை முதிரவிடாமல் தடுக்கின்றன. பிள்ளை பெறும் வயதிலுள்ள நூறு பெண்களில் 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது.

சித்த மருத்துவர்கள் இதற்கு முதலில் எடுப்பது கழற்சிக்காய். சாம்பல் நிறம், கோலிக்குண்டு அளவு. கல்லால் தட்டினால் வழுக்கி ஓடும். உடைத்தெடுத்த பருப்பு, நாக்கில் வைத்தால் வெகுநேரம் கசக்கும். அதை மிளகோடு பொடித்து மோரில் கொடுப்பார்கள். சங்ககாலப் பெண்கள் ஆடிய கழங்கும் இதுதான். மகள் மெலிந்தால் தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்துக் குறி கேட்டதும் இதே காயை வைத்துத்தான்.

ஆய்வகத்தில் குறி கேட்க முடியாது. பெண் எலிக்கு 21 நாள் லெட்ரோசோல் என்ற மருந்தைக் கொடுத்து இந்தக் கோளாறை வரவழைக்கிறார்கள். பிறகு மூலிகைச் சாறு. எலியின் சுழற்சி நாலைந்து நாள்தான். தினமும் அதன் பிறப்புறுப்புக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சுழற்சி திரும்பியதா என்று பார்க்கிறார்கள். பரோடா பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில் சோற்றுக்கற்றாழை இப்படித் தேறியது.

எலியிடம் தேறியதைப் பெண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. எலிக்கு நோய் தந்த அதே லெட்ரோசோலைத்தான், ஐந்து நாள் அளவாகக் கொடுத்து, பெண்ணுக்கு முட்டை வெடிக்கச் செய்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான சோதனையில், அதை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் பிள்ளை பெற்றார்கள். பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1.

அதற்காக மூலிகையைத் தள்ளவும் மாட்டேன். நீர்க்கட்டிக்கு இன்று எழுதித் தரும் மெட்ஃபார்மினின் மூலமே கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். ஆடுகளைக் கொல்லும் நஞ்சு அதில் உண்டு. வேதியியலார் அதைப் பக்குவப்படுத்தி, 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்கு மருந்தாக்கினார். அந்த உழைப்பு நம் கழற்சிக்கும் கிடைக்க வேண்டும். எலியோடு நிற்காமல் நூற்றுக்கணக்கான பெண்களிடம், மாதக்கணக்கில், மெட்ஃபார்மினோடு ஒப்பிட்டு, ஈரலுக்குக் கெடுதல் உண்டா என்றும் பார்த்து.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யலாம். கழற்சிப் பருப்பு எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மெட்ஃபார்மினும் சர்க்கரை மருந்துதான்; இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். பொடி சாப்பிடும் பெண் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப்போய் டாக்டரின் மேஜைமேல் வைக்கட்டும்.