கவ்வாத்துக்குப் பின் வரும் கொழுந்து

அடுத்த திங்கட்கிழமை கண்டி தேசிய வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை தொடங்கவேண்டுமென்று துண்டு பெற்றுவந்த தகப்பனாரைக் குறித்து அக்கரப்பத்தனை வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதமும், அதனோடு வந்த வேறு சிலவும், கதிருக்குப் புற்று பணியுமா என்பதை முன்னரே அறியும் பரிசோதனையைச் செய்துகொண்டு, கொழுந்துக் காலம் முடிந்தபின் போகலாகாதா என்றே வினவுகின்றன.

அத்தகைய பரிசோதனை உண்டு. தொண்டைச் சதையிலும் அடிநாக்கிலும் தோன்றும் புற்றில், பாப்பிலோமா வைரஸின் சுவடான பி16 புரதத்தைத் தேடுவார்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவ்வைரஸ் சார்ந்த புற்றுடையோரில் 82 சதவீதத்தினரும் ஏனையோரில் 57 சதவீதத்தினரும் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தனர். ஆனால் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய கன்னத்தில் வளரும் நம் மலைநாட்டுப் புற்றுக்கு அச்சோதனை சொல்லக்கூடியது சொற்பமே. 'முன்கணிப்பு' என்று அறிக்கைகள் பெருமிதத்தோடு கூறுவதும் நூறு பேரைப் பற்றிய கணக்கேயன்றி, ஒரு மனிதருடைய விதியன்று.

என் மனத்தை விட்டு அகலாத விஷயம் வேறொன்று. வழக்கமான கதிர்ச்சிகிச்சை, தவணைக்கு 2 கிரே (கதிரளவின் அலகு) வீதம் 35 தவணைகளில், ஏழு வாரத்தில், 70 கிரே. கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடி, இலையனைத்தையும் இழந்த பின்னர், வேரிலே சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு மூர்க்கமாகத் தளிர்ப்பதைத் தோட்டத்தார் அறிவார்கள். அவ்வாறே, கதிருக்குத் தப்பிய புற்றணுக்கள் ஏறக்குறைய நான்காவது வாரத்துக்குப் பின் முன்னிலும் வேகமாகப் பெருகுகின்றன என்பதை விதர்ஸ் என்னும் அறிஞரும் அவர் சகாக்களும் 1988இல் எடுத்துக்காட்டினார்கள். அதன்பின் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே, அப்பெருக்கத்தை ஈடுசெய்வதற்கே செலவாகிறது. சிகிச்சை ஒரு நாள் நீண்டால், கட்டி அடங்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு குறையுமென்பது பொதுக் கணிப்பு. ஆகையால், குறித்த காலத்தை இரண்டு நாளுக்கு மேல் தாண்டலாகாதென்று பிரித்தானிய கதிரியல் நிபுணர் கல்லூரி விதித்திருக்கிறது.

சிகிச்சை இலவசம் என்று அரசாங்கம் சொல்வது மெய்யே. எனினும் அச்சொல் யந்திர அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஏழு வாரம் விழாமற்போகும் பேரும் (நாட்சம்பளமும்), பஸ் கட்டணமும், துணைக்கு வருபவரின் சம்பள இழப்பும் அதற்கு வெளியே இருக்கின்றன. நாள் தவறுவதற்கு வழி திறப்பவை அவையே. ஆதலால் இம்மலையில் கதிரின் பலனை முன்னறிய விரும்புவோர், அணுவைச் சோதிக்குமுன் அந்தக் குடும்பத்தின் வரவு செலவை விசாரிப்பதே நியாயம்.

ஏனைய கேள்விகள்:

நாள் தவறிவிட்டால்? அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில் ஒரே நாளில் இரு தவணை கொடுத்தோ, விடுமுறை நாளில் கொடுத்தோ ஈடுசெய்ய இயலும்.

புகைத்தல்? 1993இல் வெளியான கனடிய ஆய்வில், கட்டி முற்றாகக் கரைந்தது சிகிச்சையின்போது புகைக்காதோரில் 74 சதவீதத்தினருக்கு, புகைத்தோரில் 45 சதவீதத்தினருக்கு.

இரத்தசோகை? பிராணவாயு குறைந்த கட்டியில் கதிரின் வலிமை குன்றும். ஆயினும் இரத்தம் ஏற்றினால் அது சீராகுமென்று நிரூபணமாகவில்லை.

கொழுந்துக் காலம் முடிந்தபின் போகலாமா? வேண்டாம், காத்திருக்கும் வாரங்களிலும் புற்று வளரும். திங்கட்கிழமையே போகவேண்டும்.