கேன்சஸ் பொருளாதாரத்தில் பொது வான்பறப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் அமைந்துள்ள கேன்சஸ் மாநிலத்தின் முதன்மைத் தொழில்துறைகளுள் ஒன்று பொது வான்பறப்பு ஆகும். படைத்துறைப் பறப்புகளும், கால அட்டவணைப்படி இயங்கும் விமானச் சேவைகளும் தவிர்ந்த ஏனைய பறப்புகள் பொது வான்பறப்பு எனப்படுகின்றன. தனியார் சிறு வானூர்திகள், நிறுவனங்களின் ஜெட் வானூர்திகள், பறப்புப் பயிற்சி, பயிர்களுக்கு மருந்து தெளித்தல் போன்றவை இதில் அடங்கும். பல மாநிலங்கள் இத்தகைய வானூர்திகளைப் பயன்படுத்திப் பயனடைகின்றன. கேன்சஸ் அவற்றை உற்பத்தி செய்வதாலேயே பெரும்பயன் அடைகிறது.

தோற்றம்

1920ஆம் ஆண்டளவில் எண்ணெய் வணிகர் ஜேக்கப் மோலன்டிக் அளித்த முதலீட்டில் விச்சிட்டா நகரில் வானூர்தி உற்பத்தி தொடங்கியது. சமதரையான நிலமும் அருகிலிருந்த எண்ணெய் வயல்களின் செல்வமும் இதற்குத் துணைபுரிந்தன. செஸ்னா (1927), பீச்கிராஃப்ட் (1932) ஆகிய நிறுவனங்கள் இங்கு தோன்றின. லியர்ஜெட் 1962இல் இங்கு இடம்பெயர்ந்தது. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்ட வானூர்தியான செஸ்னா 172, கேன்சஸில் உருவானதே.

பொருளாதாரப் பங்களிப்பு

தொழிற்சாலை ஊழியர்களின் ஊதியம் இப்பங்களிப்பின் முதற்படியாகும். உதிரிப்பாகங்களைச் செய்துதரும் சிறு நிறுவனங்கள் அடுத்த படி. இவ்விரு தரப்பினரும் செலவிடும் பணம் உள்ளூர்க் கடைகள், வீட்டுவசதி, வரி வருவாய் ஆகியவற்றுக்குச் செல்கிறது. மாநிலத்திற்கு வெளியே விற்கப்படும் ஒவ்வொரு வானூர்தியும் வெளிப்பணத்தை உள்ளே கொண்டுவருகிறது.

வீழ்ச்சியும் மீட்சியும்

இதே காரணத்தால், வெளிச்சந்தை சரியும்போது மாநிலமும் பாதிக்கப்படுகிறது. 1978இல் 17,000க்கும் மேற்பட்ட பொது வான்பறப்பு வானூர்திகளை விற்ற அமெரிக்க உற்பத்தியாளர்கள், 1994இல் ஆயிரத்திற்கும் குறைவாகவே விற்றனர். பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற வானூர்தி விபத்துக்குள்ளானாலும் உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடர முடிந்ததால் காப்பீட்டுச் செலவு உயர்ந்தது இதற்கு ஒரு காரணம். 1986இல் செஸ்னா தனது பிஸ்டன் பொறி வானூர்திகளின் உற்பத்தியை நிறுத்தியது.

கேன்சஸைச் சேர்ந்த செனட்டர் நான்சி காசபாமும் விச்சிட்டாவின் பிரதிநிதி டான் கிளிக்மனும் முன்னின்று முயன்றதன் விளைவாக, 1994இல் பொது வான்பறப்பு மறுமலர்ச்சிச் சட்டம் நிறைவேறியது. விற்பனையாகி 18 ஆண்டுகள் கடந்த சிறு வானூர்திகள் தொடர்பில் பெரும்பாலான வழக்குகளை இச்சட்டம் தடுத்தது. இதனையடுத்து, 1996இல் கேன்சஸின் இண்டிபென்டன்ஸ் நகரில் செஸ்னா புதிய ஆலையைத் திறந்து உற்பத்தியை மீண்டும் தொடங்கியது.

எனினும் 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் விச்சிட்டாவில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2014இல் செஸ்னாவும் பீச்கிராஃப்டும் டெக்ஸ்ட்ரான் ஏவியேஷன் என்ற பெயரில் இணைக்கப்பட்டன. புதிய லியர்ஜெட் வானூர்திகளின் உற்பத்தி 2022இல் முடிவுற்றது. ஒரே தொழிலை நம்பியிருக்கும் நகரத்திற்கு அத்தொழிலின் வளர்ச்சியும் தளர்ச்சியும் தன்னுடையவையே ஆகின்றன என்பதற்கு விச்சிட்டா ஓர் எடுத்துக்காட்டாகும்.